எண்ணெய் பூசிய கல்

அரூர் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி வயல் வரப்பில் கால் மணி நேரம் நடந்தால் அந்தப் புளியமரம் வந்துவிடும். மரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். வலக்கையில் வாளும் இடக்கையில் வில்லுமாக ஒரு வீரன் முன்னோக்கிப் பாய்கிறான். உடம்பில் அம்புகள் தைத்திருக்கின்றன. காலடியில் ஒரு கெண்டியும் சிமிழும். மேற்புறத்தில் மூன்று வரி வட்டெழுத்து. கல் முழுக்க எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் கேட்டேன்.

"யாரு பெரியம்மா இது?"

"வேடியப்பன் சாமி."

"மேல எழுத்து இருக்குதே, பாத்திருக்கீங்களா?"

"எழுத்தெல்லாம் எனக்கெங்க கண்ணு தெரியும்? எண்ணெ தடவுவோம், மஞ்ச வெப்போம், ஆடியில பொங்க வெப்போம். எங்க மாமியாரு செஞ்சாங்க, இப்ப நான் செய்யறேன்."

அந்த ஆனி மாதத்தில் நான் உண்மையில் வேறொரு கல்லைத் தேடிப் புறப்பட்டிருந்தேன். அதுவும் எண்ணெய் பூசி நட்ட கல்தான். ஏறக்குறைய 675 ஆண்டுகளுக்கு முன், இத்தாலி நாட்டுத் துறவி ஒருவர் கொல்லத்தில் நட்டது. பின்னாளில் அவர் ஆயர் ஆனார். ஒரு பேரரசனுக்காக வரலாற்று நூல் எழுதினார். அவர் பெயர் ஜொவான்னி தெ மரிஞொல்லி. ஹென்றி யூல் 1866இல் தொகுத்து வெளியிட்ட பழைய பயணக் குறிப்புகளில் அவரைப் படித்த நாளிலிருந்து கொல்லம் போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. புறப்படும் முன், எங்கள் மண்ணில் நிற்கும் கற்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியதால்தான் இந்தப் புளியமரத்தடிக்கு வந்தேன்.

தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் இப்படிப்பட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் மாவட்டமும் அதை ஒட்டிய கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளும் தமிழ்நாட்டில் நடுகற்கள் செறிந்த நிலம். பல்லவர் காலம் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் இங்கே நடுகல் எடுத்திருக்கிறார்கள். அவற்றின் வாசகம் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரில் தொறு கொண்டபோது, அதை மீட்டு இன்னான் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். பொய்யோ புகழ்ச்சியோ நுழைய இடமில்லாத நான்கைந்து வரி. செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, தன் தலைவனோடு நின்று கள்வரை எதிர்த்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. நாய்க்கும் வரலாற்றில் இடம் கொடுத்த மக்கள் இவர்கள்.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் இறந்து கல்லான பின் ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தகடூரில் பிறந்தவனுக்குக் கல் என்பது செத்த பொருளாகத் தெரிவதில்லை.

அகழ்வைப்பகத்திலிருந்து தூய இருதய ஆண்டவர் பேராலயத்துக்குப் போனேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்த்து 1997இல் சேலத்திலிருந்து தனி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது இது ஆயரின் ஆலயமாயிற்று. நண்பகல் வெயிலில் உள்ளே குளிர்ந்த அமைதி. கடைசி வரிசையில் ஒரு பெண் முக்காடிட்டு மண்டியிட்டிருந்தார். அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மறைமாவட்டத் தலைவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆயர் என்கிறார்கள். மந்தையை மேய்ப்பவர் என்ற பொருளில் வைத்த பெயர். நம் முல்லை நிலத்து மக்களுக்கும் ஆயர் என்றே பெயர். மந்தைக்காக உயிர் கொடுத்தவனுக்குத்தான் வேடியப்பன் கல். இரண்டு பக்கமும் ஒரே சொல்லில் வந்து சேர்வதை அன்றுதான் கவனித்தேன்.

மாலையில் சேலம் பேருந்தில் ஏறினேன். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கின. இருபுறமும் வறண்ட மலைகள் மஞ்சள் வெயிலில் மின்னின. சேலத்தில் இரவு ரயில். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியதும் சன்னல் வழியே ஈரக்காற்று முகத்தில் அடித்தது. தூக்கம் வரவில்லை. மரிஞொல்லியின் பயணத்தை மனத்தில் ஓட்டிக்கொண்டு கிடந்தேன்.

அவர் ஃபிளாரன்ஸ் நகரத்துக்காரர். அங்கே சாந்தா குரோச்சே மடத்தில் பிரான்சிஸ்கன் துறவி. 1338இல் சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் தோகோன் தெமூர் அனுப்பிய தூதுக்குழு, அப்போது திருத்தந்தை வாழ்ந்த பிரான்சு நாட்டு அவிஞோன் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. பேரரசரிடம் பணிபுரிந்த ஆலன் இனத்துக் கிறிஸ்தவத் தலைவர்களின் கடிதமும் அதில் இருந்தது. பீக்கிங்கில் எங்கள் பேராயர் இறந்துவிட்டார், பல ஆண்டுகளாக மேய்ப்பர் இல்லாமல் கிடக்கிறோம், ஒருவரை அனுப்புங்கள் என்பது அதன் சாரம். திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் அனுப்பிய தூதர்களில் ஒருவர் மரிஞொல்லி.

1338 டிசம்பரில் அவிஞோனை விட்டார்கள். கான்ஸ்டான்டினோபிள், கருங்கடல், வோல்கா ஆற்றங்கரையில் உஸ்பெக் கானின் அவை, பிறகு நடு ஆசியப் பாலைவெளி. இன்றைய சின்ஜியாங் பகுதியில் இருந்த அல்மாலிக் நகரத்தில் சற்று முன்புதான் அவர்களுடைய சபைத் துறவிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். அதே ஊரில் ஓர் ஆலயம் கட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். 1342இல் பீக்கிங். திருத்தந்தையின் பரிசாக அவர்கள் கொண்டுபோன பெரிய குதிரை சீன அவையையே வியக்க வைத்தது. உடல் முழுக்கக் கருமை, பின்னங்கால் குளம்பு இரண்டும் வெண்மை. சௌ லாங் என்ற அவை ஓவியர் அதைப் படமாக வரைந்தார். சீன வரலாற்றேடும் அந்தக் குதிரையைக் குறித்து வைத்தது. மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு, சயித்தூன் என்று அன்று அழைக்கப்பட்ட சுவான்சௌ துறைமுகத்தில் மரக்கலம் ஏறித் தெற்கே புறப்பட்டார்.

அவர் பீக்கிங்கில் இருந்த அதே ஆண்டுகளில் நம் நாடு கலங்கிக்கிடந்தது. மதுரையில் சுல்தானியர் ஆட்சி. திருவண்ணாமலையைத் தளமாகக் கொண்டு போரிட்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் அவர்களோடு நடந்த போரில் முடிந்துபோனான். இந்தக் கொந்தளிப்பிலிருந்து விலகி, மிளகு வணிகத்தில் செழித்திருந்தது கொல்லம். ஓர் ஈஸ்டர் வாரத்தில் மரிஞொல்லி அங்கே கரையிறங்கினார்.

நான் கொல்லத்தில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிலையத்தின் எதிரே குடை வாங்கினேன். வாங்கும்போதே மரிஞொல்லி நினைவுக்கு வந்தார். அன்றைய ஐரோப்பியப் புத்தகங்களில் இந்தியாவைப் பற்றிய ஒரு கதை நிலைத்திருந்தது. ஒற்றைக்காலோடு ஒரு மனித இனம் உண்டு, அவர்கள் மல்லாந்து படுத்து அந்தப் பாதத்தையே வெயிலுக்கு நிழலாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பது கதை. எத்தனையோ நாடு சுற்றியும் அப்படி ஓர் இனத்தைக் கண்டதில்லை என்று மரிஞொல்லி எழுதினார். இந்தியர்கள் கம்பில் பொருத்திய சிறு கூடாரம் போன்ற ஒன்றை வெயிலுக்கும் மழைக்கும் விரித்துப் பிடிக்கிறார்கள், அதைத்தான் கவிஞர்கள் பாதமாக்கிவிட்டார்கள் என்று விளக்கினார். சத்திர் என்று அதன் பெயரையும் எழுதிவைத்தார். ஒன்றைக் கையோடு ஃபிளாரன்ஸுக்கே கொண்டுபோனார். ஆயிரமாண்டுப் பொய்யை ஒரு குடையால் மடக்கிய மனிதர் மீது எனக்கு உண்டான மதிப்பு, அந்த மழையில் நடக்க நடக்கப் பெருகியது.

மிளகிலும் அப்படித்தான். காட்டில் பாம்புகளுக்கு நடுவே விளைகிறது, தீ மூட்டித்தான் பறிக்கிறார்கள், அதனால்தான் கறுப்பாக இருக்கிறது என்றெல்லாம் மேற்கே நம்பினார்கள். மிளகு தோட்டத்தில் விளைகிறது, திராட்சை போலக் கொடியாகப் படர்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்று அவர் எழுதினார். மிளகை எடைபோடும் பொறுப்பு கொல்லத்தில் தோமா கிறிஸ்தவர்கள் கையில் இருந்தது. திருத்தந்தையின் தூதர் என்பதால் அதிலிருந்து மாதம் நூறு பொன் பணமும், புறப்படும்போது ஆயிரமும் தனக்குக் கிடைத்ததாகக் குறிக்கிறார். பணம் என்ற நம் சொல் அவருடைய இலத்தீனில் ஃபான் என்று உருமாறிக் கிடக்கிறது. பலாவைப் பற்றிச் சொல்லும்போது சக்க என்ற மலையாளப் பெயரைத் தன் காதில் விழுந்தபடி எழுதி, அது கிளையில் அல்லாமல் அடிமரத்திலேயே காய்க்கிறது என்றும், கொட்டையை வேகவைத்தால் தங்கள் ஊர்க் கஷ்கொட்டை போல இருக்கிறது என்றும் சொல்கிறார். வாழைப்பழத்தைக் குறுக்கே அரிந்தால் நடுவில் சிலுவையில் தொங்கும் மனித உருவம் தெரிகிறது என்றும் எழுதினார். கண்டதைக் கண்டபடி சொன்னவர் அவர். அவருடைய கண்ணுக்கு ஒரு விசுவாசமும் இருந்தது.

அவருக்கு முன்பே கொல்லத்துக்கு ஓர் ஆயர் நியமிக்கப்பட்டிருந்தார். 1329இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் ஜான், யொர்தானுஸ் கத்தலானி என்ற தொமினிக்கன் துறவியைக் கொல்லத்தின் ஆயராக்கினார். இந்தியாவின் முதல் கத்தோலிக்க மறைமாவட்டம் அது. யொர்தானுஸும் தான் கண்ட அதிசயங்களை ஒரு சிறு நூலாக எழுதியவர். மரிஞொல்லி இங்கே வந்தபோது புனித ஜார்ஜ் பெயரில் ஓர் இலத்தீன் ஆலயம் இருந்தது. அதை அழகிய ஓவியங்களால் அணி செய்து, ஓராண்டுக்கும் மேல் தங்கிப் போதித்தார்.

தங்கசேரிக்கு ஆட்டோவில் போனேன். 1902இல் கட்டிய கலங்கரை விளக்கம் மழைத்திரைக்குப் பின்னால் மங்கலாக நின்றது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கட்டிய தோமா கோட்டையின் ஒரு சுவர் மட்டும் மிச்சம். அதன் இடுக்குகளில் ஆலங்கன்று வேர்விட்டிருந்தது. அலை கருங்கல் தடுப்பில் மோதி எழுந்தது. மரிஞொல்லி தன் கல்லை நட்டது இந்தக் கரையை ஒட்டி இருக்கலாம். சலவைக்கல் தூண், அதன் உச்சியில் கற்சிலுவை. அதில் திருத்தந்தையின் சின்னமும் அவருடைய சின்னமும். இந்திய எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் வாசகம். கணக்கற்ற மக்கள் கூடிநிற்க, ஊர்த் தலைவர்கள் அவரைப் பல்லக்கில் தோளில் சுமந்து வந்தார்கள். அவர் கல்லை ஆசீர்வதித்து அதன்மேல் எண்ணெய் பூசினார். உலகம் முடியும்வரை நிற்க வேண்டும் என்று நட்டதாக அவரே சொல்கிறார்.

அது இன்று இல்லை. மீன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் கேட்டேன், தேவாலயத்து வாசலில் ஒரு முதியவரிடமும் கேட்டேன். அவர்களுக்குத் தூணும் தெரியவில்லை, நட்டவர் பெயரும் தெரியவில்லை. கடல் தன் கரையை ஒவ்வொரு ஆண்டும் அரித்துத் தின்னும் ஊர் இது.

அந்தத் தூணில் இருந்த இந்திய எழுத்து வட்டெழுத்தாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 849இல் வேணாட்டு ஆட்சியாளர் ஐயனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் பொறித்ததுதான். அதில் சாட்சிகள் பகலவி, கூஃபி, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். தகடூர்ப் புளியமரத்தடி வேடியப்பனின் தலைக்குமேல் இருக்கும் அதே எழுத்துக் குடும்பம். ஒரு முனையில் மாடு மீட்டுச் செத்தவன், மறுமுனையில் மிளகுக் கப்பல்கள் வந்த துறை. இரண்டையும் ஒரே வளைவெழுத்து சேர்த்துவைத்திருந்தது.

கொல்லத்தை விட்ட மரிஞொல்லி நம் கரைக்கு வந்து மயிலாப்பூரில் புனித தோமாவின் கல்லறையைத் தரிசித்தார். பிறகு இலங்கையில் புயலுக்குத் தப்பிப் பேருவளைத் துறையில் ஒதுங்கினார். அங்கே அதிகாரத்தில் இருந்த கோஜா ஜஹான் என்பவர் மரியாதையாக வரவேற்று, கடன் என்ற பெயரில் அவரிடம் இருந்த பொன், வெள்ளி, பட்டு, மணிகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். சீனப் பேரரசரும் மற்ற அரசர்களும் திருத்தந்தைக்கு அனுப்பிய பரிசுகள் அவை. நான்கு மாதம் தடுத்துவைக்கப்பட்டார். ஆனால் அந்தத் தீவைப் பற்றி எழுதும்போது அவர் கசந்துகொள்ளவில்லை. ஆதம் மலையையும், அங்கே வாழ்ந்த பௌத்தத் துறவிகளையும் மனம் நிறைந்து எழுதினார். காலையில் வரிசையாகப் பிச்சைக்குப் போகிறார்கள், நண்பகலுக்குப் பின் உண்பதில்லை, நாளைக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை, வெறுங்காலோடு நடக்கிறார்கள், உடையும் எங்கள் துறவிகளின் உடை போலவே இருக்கிறது என்றார். கொள்ளை கொடுத்தவர் வேற்று மதத்துத் துறவிகளின் தூய வாழ்வை இப்படிப் பார்த்தார் என்பதை நினைக்கும்போது எனக்குக் கண் கசிகிறது.

ஹோர்முஸ், பாக்தாத், டமாஸ்கஸ், ஜெருசலேம் என்று சுற்றி 1353இல் அவிஞோன் திரும்பினார். புறப்பட்டுப் பதினைந்து ஆண்டு. இடையில் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியிருந்தது. 1348இல் அவருடைய ஃபிளாரன்ஸ் நகரத்து மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரை அது கொண்டுபோயிருந்தது. ஆயிரம் கதையோடு திரும்பியவருக்கு அவற்றைச் சொல்ல எத்தனை தெரிந்த முகம் மிஞ்சியிருந்ததோ!

1354இல் தென் இத்தாலியின் பிசிஞானோ ஊருக்கு அவர் ஆயராக நியமிக்கப்பட்டார். அப்போது இத்தாலிக்கு வந்த பேரரசர் நான்காம் சார்லஸ் அவரைத் தன் அவைத் துறவியாக்கி பிராகா நகரத்துக்கு அழைத்துப் போனார். பல்கலைக்கழகமும் பாலமும் கட்டிய அந்த அரசருக்கு, போஹேமியா நாட்டின் பழைய ஆண்டுக்குறிப்புகளைச் செப்பனிட்டு ஒரு வரலாறாக எழுதித்தர ஆள் வேண்டியிருந்தது. மரிஞொல்லிக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. தன் மொழியும் அல்லாத, மண்ணும் அல்லாத நாட்டின் அரசர் பட்டியல். ஆனால் உலகப் படைப்பிலிருந்து தொடங்கி எழுத வேண்டிய நூல் என்பதால் ஏதேன் தோட்டம் வந்தது. ஏதேன் இலங்கைக்கு எதிரே இருக்கிறது என்று அக்காலத்தவர் போல அவரும் நம்பினார். அந்த இடத்தில் அவருடைய பேனா கட்டவிழ்ந்தது. ஆதம் மலை, வாழை, பலா, மிளகு, குடை, கொல்லத்துத் தூண், மயிலாப்பூர்க் கல்லறை எல்லாம் போஹேமிய வரலாற்றுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்தன. இன்னொருவருக்காக எழுதிய புத்தகத்துக்குள் தன் வாழ்வை ஒளித்துவைத்தார் அவர். 1350களின் இறுதியில் காலமானார்.

நானூறு ஆண்டு அந்தச் சுவடி பிராகாவில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1768இல் தோப்னர் என்பவர் பழைய நூல்களோடு சேர்த்து அதை அச்சிட்டார். அப்போதும் இந்தியப் பகுதிகளை யாரும் கவனிக்கவில்லை. 1820இல் மைனெர்ட் என்ற அறிஞர்தான் அவற்றைப் பிரித்தெடுத்து இது ஓர் அரிய பயணக்குறிப்பு என்று காட்டினார். பிறகு யூல். உலகம் முடியும்வரை நிற்க வேண்டும் என்று அவர் நட்ட சலவைக்கல் போய்விட்டது. வேண்டா வெறுப்பாக எழுதிய ஏடு நின்றது. அதுவும் தானாக நிற்கவில்லை, யாரோ சிலர் எடுத்துத் துடைத்ததால் நின்றது.

கொல்லத்து விடுதியில் இரண்டாம் நாள் இரவு இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நெடுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரிஞொல்லி தன் தூணுக்கு எண்ணெய் பூசினார், ஒரே ஒரு முறை. அடுத்த ஆண்டு அதற்கு எண்ணெய் பூச அவர் இல்லை. அவர் விட்டுப்போன ஊரில் அதைத் தன் கல் என்று நினைக்க ஆளும் இல்லை. புளியமரத்தடிக் கல்லுக்கோ எழுத்துத் தெரியாத கைகள் ஆண்டுதோறும் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கின்றன. வாசகம் என்ன சொல்கிறது என்பதை மறந்த பிறகும் அதைக் காக்க வேண்டும் என்பதை அந்த மக்கள் மறக்கவில்லை. கல்லில் எழுதுவதோ தாளில் எழுதுவதோ பாதி வேலைதான். மீதிப் பாதி, பின்னால் வருபவர்களின் கையில் இருக்கிறது.

ஆடியில், பெரியம்மா சொன்ன பொங்கலுக்குப் போனேன். புளியமரத்தடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு எரிந்தது. பானையில் அரிசி பொங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா என்னை மறக்கவில்லை.

"வந்துட்டியா கண்ணு? இந்தா, நீயும் ரெண்டு சொட்டு தடவு."

சிறு பித்தளைக் கிண்ணத்தில் நல்லெண்ணெய். விரலில் தொட்டு வீரனின் தோளில் தடவினேன். மேலே எழுத்து ஈரத்தில் பளிச்சென்று தெரிந்தது. பள்ளி நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, "அது என்ன எழுத்துண்ணா?" என்றாள். எனக்கு முழுவதும் படிக்க வராது. தெரிந்த ஒரு சொல்லைக் காட்டினேன்.

"தொறு. அப்படின்னா மாட்டு மந்தை. மந்தையைக் காப்பாத்தப் போய் இவர் செத்துட்டார்."

அவள் நோட்டைத் திறந்து அந்த வளைவுகளை அப்படியே வரைந்துகொண்டாள். பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்த பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஆடு மாடு காத்தவனா? அப்போ நம்ம ஆளுதான்" என்றார்.